சர்ச்சில் சிரிக்கிற அம்மா

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 40. பெரம்பூரில் இருக்கிறோம். கணவருக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மகன் ஒன்பதாவது, மகள் மூன்றாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் பிறந்தபின் டீச்சர் வேலையை விட்டுவிட்டேன். சர்ச்சில் சண்டே கிளாஸ் எடுக்கிறேன், கொயரில் பாடுகிறேன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விடுவதே இல்லை. இரவு படுக்கப் பதினொன்றரை ஆனாலும், காலை நாலரைக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஆனால் ஆறரை மணிக்கெல்லாம் கத்தத் தொடங்கிவிடுகிறேன். ஸ்கூல் வேன் போகும்வரை கத்தல்தான். வேலைக்கு வருகிற அம்மா லீவு போட்டால் அன்று முழுவதும் கத்தல்.

போன வாரம் குடும்ப ஜெபத்தில் மகன் தன் முறை வந்தபோது வாசிக்க மாட்டேன் என்றான். பாட்டி, தங்கை எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டேன். "பெத்தவங்களைக் கனம்பண்ணாத பிள்ளை நல்லாயிருக்காது, வேதத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. "சர்ச்ல எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாங்களே ஒரு அம்மா, அவங்களை நான் வீட்ல பாத்ததே இல்லை" என்றான். அன்றிலிருந்து "பசிக்குது", "கையெழுத்துப் போடு" இந்த இரண்டைத் தவிரப் பேச்சில்லை. டியூஷனுக்கு என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவன் வாயைத் திறப்பதில்லை. கணவர், "நீ வளர்த்த லட்சணம்" என்கிறார். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சில நாள் கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது என்றுகூட இருக்கிறது. வெளியே சாட்சியாக இருக்கிற நான் வீட்டில் கிறிஸ்தவளாக இல்லை. இன்னும் ஒரு நாள் சேர்த்து உபவாசிக்கட்டுமா? வீட்டில் அன்போடு வாழ நான் என்ன செய்ய வேண்டும்?

— பெரம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உபவாச நாளைக் கூட்ட வேண்டாம். மற்றதை மெதுவாகப் பேசுவோம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற வெள்ளிக்கிழமையையே கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள் என்பேன். ஏன் என்று பிறகு வருகிறேன்.

உங்கள் மகன் சொன்ன வரியை மூன்று நான்கு முறை வாசித்தேன். உங்களுக்கு அது செருப்படி மாதிரி விழுந்திருக்கும். பெற்றவர்களையும் பிள்ளைகளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசியே தலை நரைத்த எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. சர்ச்சில் சிரிக்கிற அந்த அம்மாவை அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவள் வீட்டுக்கும் வரவேண்டும் என்கிறான். அம்மாவே வேண்டாம் என்று முடிவுகட்டிய பிள்ளை இப்படிப் பேசமாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள் போய்விடுவான். உங்கள் பிள்ளை ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், பசிக்கிறது என்று உங்களிடம்தானே வந்து நிற்கிறான்?

அவன் விஷயத்துக்குப் போகுமுன் உங்கள் விஷயம் ஒன்று இருக்கிறது. கர்த்தர் எடுத்துக்கொண்டால் நல்லது என்பதைப் போகிறபோக்கில் அரை வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலில் அந்த அரை வரியைத்தான் முதலில் பார்ப்போம். சண்டே கிளாஸில் நீங்களே எலியா தீர்க்கதரிசியின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஊழியத்தை முடித்த கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கூடவே, நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல என்றும் சொல்கிறார். நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அதற்குப் பரலோகத்திலிருந்து வந்த பதில் என்ன? விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஜெபி என்றும் இல்லை. தூங்கவிட்டார்கள். தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார்கள். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான்.

இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். அதிலும் மூன்று மணிக்கே விழிப்பு. அப்படிப்பட்ட உடம்பு ஆறரை மணிக்குக் கத்தாமல் என்ன செய்யும்? இதைப் பாவக் கணக்கில் எழுதுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று அரசுக் கணக்கெடுப்பே சொல்கிறது. உங்கள் வயதில் மாதவிலக்கு மாறத் தொடங்கும்போது தூக்கம் கெடுவதும் எரிச்சல் ஏறுவதும் உண்டு. ரத்தம் குறைந்திருந்தால் வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு இருப்பது சனிக்கிழமை பிள்ளைகள் தலையில்தான் விடியும். ரிசல்ட் வந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை உபவாசம் வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

எடுத்துக்கொண்டால் நல்லது என்ற நினைப்பு வாரத்தில் பல நாள் வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், மனநலப் பிரிவு இருக்கிறது. நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே கேலியாகிவிட்டது. அந்தக் கேலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெந்துபோன சபைப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிற மாமியாரிடம் யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. மனதுக்கும் அதேதான். நடு ராத்திரியில் தாங்க முடியவில்லையென்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் இலவச டெலி மானஸ் சேவை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது மகன்.

திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் ஒரு பாட்டியையும் ஒரு அம்மாவையும் பெயர் சொல்லி நினைக்கிறார், லோவிசாளும் ஐனிக்கேயாளும். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எவ்வளவு நேரம் ஜெபித்தார்கள் என்று ஒன்றும் இல்லை. அவர்களிடம் இருந்தது "மாயமற்ற விசுவாசம்" என்கிறார், அவ்வளவுதான். மாயக்காரர், அதாவது வெளிவேஷக்காரர் என்று சுவிசேஷங்களில் யாரைச் சொல்லியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் அந்த வார்த்தையைத்தான் தன் பாஷையில் சொன்னான்.

அதற்காக நீங்கள் மாயக்காரி என்று நான் சொல்லவில்லை. சர்ச்சில் சிரிப்பதும் நீங்கள்தான், அது நடிப்பில்லை. அங்கே யாரும் உங்களிடம் ஒரு சாக்ஸைக் காணோம் என்று கேட்பதில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும் என்று நிற்பதில்லை. யாருக்கும் வீட்டில்தான் சாயம் போகும். கோபமே வராத அம்மாவை உங்கள் மகன் எதிர்பார்க்கவில்லை. அப்படி ஒருத்தியை அவன் நம்பவும் மாட்டான். கோபம் வந்து, கை நீண்டு, எல்லாம் முடிந்தபிறகு அம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு வாரமாகப் பார்க்கிறான். நீங்கள் நாலரை மணிக்கு எழுந்து கண்ணீரோடு கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. அது அடுத்த அறையில் தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் இருக்கிறதே, அது வீட்டுக்குள்ளும் செல்லும். பதினாலு வயது மகனும் அந்தச் சகோதரன்தான். அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இதைச் சொன்னால் என் எதிரில் உட்கார்ந்திருக்கிற பெற்றோர் பலர் நாற்காலியில் நெளிவார்கள். பெத்தவ பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கிறதா, தலைமேல் ஏறிவிடமாட்டானா என்பார்கள். உங்கள் மாமியாரும் சொல்வார். நான் பார்த்தவரை அப்படிக் கேட்டதால் தலைமேல் ஏறிய பிள்ளை கிடையாது. பெற்றவர்கள் ஒருதரமும் கேட்காததை நாற்பது வயதிலும் சொல்லிச் சொல்லி அழுகிறவர்கள் உண்டு.

கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "நான் அடிச்சது தப்புதான், ஆனா நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றால் அந்த 'ஆனா' முன்னால் சொன்னதை அழித்துவிடும். "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்றும் தொடங்காதீர்கள். அவரைச் சிபாரிசுக்குக் கூட்டிவந்த மாதிரி ஆகிவிடும், பையனுக்கு மறுத்துப் பேச வழியிருக்காது. அழவும் வேண்டாம். நீங்கள் அழுதால் அவன் உங்களைத் தேற்ற வேண்டிவரும். சாதாரணமாகச் சொல்லுங்கள்: "அன்னிக்கு உன்னை அடிச்சேன், பாட்டி முன்னாடி, பாப்பா முன்னாடி. அது தப்பு. நீ நல்லாயிருக்க மாட்டேன்னு சொன்னது அதைவிடத் தப்பு. நீ சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன்டா. நீ சொன்னது சரிதான்." இதோடு நிறுத்திவிடுங்கள். அவன் "ம்" என்பான். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். அந்த வயதில் "ம்" என்பது பெரிய வார்த்தை. இன்னொரு நாள் மகள் காதில் விழும்படியும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அண்ணனை அடித்தது தப்பு என்று. அறை விழுந்ததை அவளும் பார்த்தாள் அல்லவா.

நல்லாயிருக்காது என்று சொன்னீர்களே, அந்தக் கற்பனையை, அதாவது அந்தக் கட்டளையை மறுபடி எடுத்து வாசியுங்கள். எபேசியர் ஆறில் பவுல் அதை "வாக்குத்தத்தமுள்ள முதலாங் கற்பனை" என்கிறார். உனக்கு நன்மை உண்டாயிருக்கும், உன் வாழ்நாள் நீடித்திருக்கும் என்கிற வாக்குறுதி அது. அதைத் தலைகீழாகத் திருப்பிச் சாபமாக்கிப் பிள்ளை மேல் எறிந்துவிட்டீர்கள். ஆத்திரத்தில்தான் என்று தெரிகிறது. ஆனாலும் வசனத்தை அடிக்கிற கம்பாக எடுத்தால் பிள்ளைக்கு அடி மறந்துபோகும், வசனத்தின் மேல் வெறுப்பு நிற்கும். அவன் ஏன் வாசிக்க மாட்டேன் என்றான் என்பதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. என் மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அம்மா, நீ கண்ணை மூடினாலே எனக்கு வயித்தைக் கலக்கும். ஜெபத்துலதான் என் சார்ஜ்ஷீட் வரும்." நான் அரண்டுபோனேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. "கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும், கணக்கிலே கவனத்தைத் தாரும், பொய் சொல்லுகிற ஆவியை எடுத்துப்போடும்" என்று தினமும் இரவு எட்டரை மணிக்கு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கர்த்தரிடம் கோள் சொல்லியிருக்கிறேன். நேரே திட்டினாலாவது அவள் திருப்பிப் பேசலாம். ஆமென் போட்டுவிட்டால் அவள் என்ன பேச முடியும்? நம் வீடுகளில் இது ரொம்ப சகஜம். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள், சிரித்து முடித்தபின் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். பிள்ளைகளின் குறைகளை இனிமேல் அறைவீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபியுங்கள். அவர்கள் முன்னால் அவர்களுக்காக நன்றி மட்டும் சொல்லுங்கள், அதையும் குறிப்பாகச் சொல்லுங்கள். "இன்னிக்கு இவன் தங்கச்சிக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டான், அதற்காக ஸ்தோத்திரம்" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள், அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான்.

குடும்ப ஜெபத்தை எவ்வளவு நேரம் நடத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும் என்று என் ஊகம். பத்து நிமிடமாக்குங்கள். மகள் கேட்கிற ஒரு பாட்டு, பத்து வசனம், ஒரு சின்ன ஜெபம், கர்த்தருடைய ஜெபம், போதும். கணவருக்கு நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் அவர் நடத்தட்டும். மகனுக்கு வாசிப்பு முறையை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள், அவனாகக் கேட்கும்வரை.

சரி, அவன் சர்ச்சுக்கே வரமாட்டேன் என்று ஒருநாள் நின்றால்? அந்தப் பயம் உங்களுக்குள் இருப்பது தெரிகிறது. பழைய திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்காவுக்கும் அதே பயம்தான். மகனோடு வாதாடித் திருத்தும்படி ஒரு பிஷப்பிடம் போய் அழுதாள். அவர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அவள் விடாமல் நச்சரிக்க, சலித்துப்போய், இவ்வளவு கண்ணீருக்குரிய மகன் கெட்டுப்போக முடியாது, போ என்று அனுப்பிவிட்டார். அகுஸ்தீனே எழுதிவைத்திருக்கிற விஷயம் இது. அவர் ஞானஸ்நானம் பெற்றது 387-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. உங்கள் மகன் ஒன்பதாவதுதான் படிக்கிறான்.

வேதத்தைப் பிள்ளைகளுக்கு எங்கே வைத்துச் சொல்வது என்பதற்கு உபாகமம் ஆறில் இடமே குறித்துக் கொடுத்திருக்கிறது. "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்." இதில் வகுப்பு மாதிரி வரிசையாக உட்காரவைத்து என்று எங்கும் வரவில்லை பாருங்கள். பழைய டீச்சர் உங்களுக்குள் இன்னும் இருக்கிறார், வீட்டிலும் அவர்தான் குடும்ப ஜெபம் நடத்துகிறார் என்று நினைக்கிறேன். உங்களிடம் வழியில் போகிறபோது என்ற ஒன்று கைவசம் இருக்கிறது, அந்த ஸ்கூட்டி. பையன்கள் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற வயதில் முதுகைப் பார்த்துப் பேசிவிடுவார்கள். பெரம்பூர் மேம்பாலத்தில் சாயங்கால டிராஃபிக்கில் நிற்கும்போது அவன் ஏதாவது சொன்னால் உடனே அதற்குள் வசனம் தேடாதீர்கள். கேளுங்கள். ஐபிஎல் பற்றி என்றாலும் கேளுங்கள்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சபைக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியின் அம்மா. ராயப்பேட்டை வெஸ்லி சர்ச்சின் பெயர் அந்த வழியில் வந்ததுதான். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்த சபைகளில் மெதடிஸ்டுகளும் உண்டு. சூசன்னாவுக்குப் பிறந்தவர்கள் 19 பேர், பிழைத்தவர்கள் 10 பேர். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை என்று தனியாக ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில், அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை எனக்கு இப்போதும் ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார் ஜான். அந்தக் காலத்து வழக்கப்படி பிள்ளையின் பிடிவாதத்தைப் பிரம்பால் சின்ன வயதிலேயே அடக்கிவிட வேண்டும் என்பதும் சூசன்னாவின் கொள்கை. அவரிடமிருந்து வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரம்பை அங்கேயே விட்டுவிடுங்கள். உங்களுக்கு இரண்டே பிள்ளைகள். வாரம் ஒரு அரை மணி நேரம் அவனுக்கு, ஒரு அரை மணி நேரம் அவளுக்கு, போனைத் தூர வைத்துவிட்டு.

நேரம் எங்கே என்பீர்கள். நியாயம். கொயர், சண்டே கிளாஸ், உபவாச ஜெபம் மூன்றில் ஒன்றை இந்த வருடம் விடுங்கள். போதகரிடம் வீட்டு நிலைமை என்று சொன்னால் புரிந்துகொள்வார். புரியாவிட்டாலும் விடுங்கள். நாலரை மணி ஜெபத்தைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் ஒன்பதரைக்கு மாற்றுங்கள், காபியோடு. அதிகாலையில் கேட்கிறவருக்கு ஒன்பதரைக்கும் காது கேட்கும்.

அப்புறம் கணவர். "நீ வளர்த்த லட்சணம்" என்றாராம். கொலோசெயர் மூன்றில் "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று இருக்கிறது. எபேசியரிலும் பிள்ளைகளைப் போதனையில் வளர்க்கிற பொறுப்பு "பிதாக்களே" என்று கூப்பிட்டுத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாதாக்களே என்று அந்த வசனங்கள் ஆரம்பிக்கவில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளைக்கு 299 நிமிடம் செய்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். செய்கிற ஆண்களே நாலில் ஒரு பங்குதான் என்பது வேறு கதை. ஷிஃப்ட் வேலையின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் வீட்டில் இருக்கிற காலையில் தண்ணீர் பிடிப்பதும் மகளுக்குத் தலை பின்னுவதும் அவர் வேலையாகட்டும். கோணலாகப் பின்னினால் கோணலாகவே போகட்டும். சண்டை போடும் நேரத்தில் இதைப் பேசாதீர்கள், அவர் லீவு நாளில் சாப்பிட்டு முடித்தபின் பேசுங்கள். அவர் உங்கள் மேல் கை வைக்கிறவர் என்று கடிதத்தில் இல்லை. அப்படி ஏதாவது இருந்து எழுதாமல் விட்டிருந்தால், அதைச் சிலுவை சுமப்பது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

நீதிமொழிகள் 31-இல் வருகிற குணசாலியான ஸ்திரீயை நினைத்து நம் பெண்கள் ரொம்ப நொந்துபோகிறார்கள். இருட்டோடே எழுந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம். அதே வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பதும் இருக்கிறது, அவர்களுக்கு அவள் படியளந்தாள் என்பதும் இருக்கிறது.

வேலைக்காரர் என்றதும் உங்கள் கடிதத்தின் ஒரு வரி ஞாபகம் வருகிறது, வேலைக்கு வருகிற அம்மா லீவு போட்டால் அன்று முழுவதும் கத்தல் என்று. தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு டீ எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள்? ஜன்னல் ஓரம் தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறதா? நம் கிறிஸ்தவ வீடுகளிலும் அந்த டம்ளரை நிறையப் பார்த்திருக்கிறேன், சுவரில் வசன காலண்டர், கீழே அந்த டம்ளர். உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம், இல்லையென்றால் சந்தோஷம். இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கிற டம்ளரில் கொடுங்கள். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். சர்ச் அம்மாவையும் வீட்டு அம்மாவையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பையன் இதையும் பார்த்துக்கொள்வான்.

மன்னிப்பு எப்போது கேட்பது என்ற கேள்வி உங்களுக்கு வரும். காலையில் வேண்டாம், வேன் நேரத்தில் எந்த நல்ல வார்த்தையும் எடுபடாது. குடும்ப ஜெபத்தில் அறவே வேண்டாம். பேதுரு மூன்று தரம் மறுதலித்த பிறகு உயிர்த்தெழுந்த இயேசு அவரோடு பேசியது கடற்கரையில், கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார் முதலில். அவர்கள் சாப்பிட்ட பின்புதான் "என்னை நேசிக்கிறாயா" என்ற பேச்சே வருகிறது. அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இது உங்கள் கைக்குக் கிடைக்கிற நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜெபக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, மதியம் வயிறாரச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். சாயங்காலம் அவன் பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டதும் "பசிக்குது" என்பான். கல்லைப் போடுங்கள். தக்காளிச் சட்னியா தேங்காய்ச் சட்னியா என்று அவனைக் கேளுங்கள். இரண்டாவது தோசையை அவன் தட்டில் போட்டபிறகு, மூன்றாவதை வார்க்கத் திரும்பும்போது சொல்லிவிடுங்கள். முகம் கல்லைப் பார்த்தபடி இருந்தாலும் பரவாயில்லை.